பயிர்க் காவல் துவக்கு: இன்னும் இறுக்கவேணுமா, வேற இடத்தில இறுக்கவேணுமா?

குளக்கட்டு | ஞாயிறு இரவு 7:40

2024 நவம்பரில பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கெண்டு ஆக்களுக்குக் குடுத்த துவக்குகளை வெலிசறையில கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னது. அண்டையில இருந்து "அடுத்தது பயிர்த் துவக்குத்தான்", அதாவது காட்டுப்பண்டியிட்ட இருந்து பயிரைக் காக்கக் கமக்காரர் வைச்சிருக்கிற துப்பாக்கிதான், எண்டு சந்திக்குச் சந்தி கதை. எடுக்கத்தான் வேணும் எண்டு சொல்லுறவையும் இருக்கினம், எடுத்தால் கச்சானும் இல்லை மரவள்ளியும் இல்லை எண்டு சொல்லுறவையும் இருக்கினம். இஞ்ச அதை ஒழுங்காக் கதைப்பம்.

கதைக்க முதல், நாலு சாமானை ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ. ஒண்டு, மாவட்டச் செயலக உரிமத்தோட இருக்கிற பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல். ரெண்டு, கொல்லன் பட்டறையில செய்யிற இடியன். முன்வாயால மருந்து இடிக்கிறது, இலக்கமும் இல்லை, உரிமமும் இல்லை. மூண்டு, கட்டுத்துவக்கு. மிருகம் போற தடத்துக்குக் குறுக்கால கம்பியைக் கட்டி விட்டுட்டு ஆள் வீட்டை போய்ப் படுத்திருப்பார். நாலு, சண்டை விட்டுப்போன மிச்சம்: காணி துப்பரவாக்கேக்க, கிணறு இறைக்கேக்க வெளிக்கிடுறது.

முதலாவதுக்குத்தான் ஆள், விலாசம், இலக்கம் எல்லாம் கச்சேரியில, மாவட்டச் செயலகத்தில, இருக்கு. அதாலதான் "இறுக்குவம்" எண்டு வெளிக்கிடுற எவரும் அதில போய் நிக்கினம், கைக்கு எட்டினது அதுதான். ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கம் கால் போன சனத்தைக் கேட்டுப் பாருங்கோ, உரிமத் துவக்கால ஆருக்குப் போனது எண்டு. கட்டுத்துவக்கு, இல்லாட்டி இடியன்.

என்ர நிலைப்பாடு இது: உரிமம் எடுக்கிறதை இன்னும் கஷ்டமாக்கக் கூடாது. எடுத்த பிறகு வைத்திருக்கிற முறையை இறுக்கவேணும். கட்டுத்துவக்குக்கு ஒரு சாட்டும் கேட்கக் கூடாது.

சட்டக்கோவை | ஞாயிறு இரவு 8:25

சட்டம் எங்கே நிற்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை பிடிக்கலாம்.

அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச்சட்டம். 1996இல் 22ஆம் இலக்கத் திருத்தச்சட்டம் தண்டனைகளைக் கூட்டியது. துப்பாக்கியைப் பாவித்துச் சில குற்றங்களைச் செய்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். அதோடு 1966இன் அபாயகர ஆயுதங்கள் சட்டம், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். இந்த மூன்றில் எதன் கீழ் வழக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் ஒருவருடைய வாழ்க்கையே தங்கியிருக்கிறது. மொனராகலையில் இடியனோடு பிடிபட்டவர் கட்டளைச்சட்டத்துக்கு முகம் கொடுப்பார். முல்லைத்தீவில் பிடிபட்டவரின் குடும்பம் "எந்தச் சட்டம்?" என்று கேட்டபடி பொலிஸ் வாசலில் நிற்கும். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. "இன்னும் இறுக்கு" என்று தெற்கில் சொல்வதும் வன்னியில் சொல்வதும் ஒன்றல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உரிமம் எடுப்பது: விண்ணப்பம் மாவட்டச் செயலகத்துக்குப் போகும். கிராம அலுவலர், பிரதேச செயலாளர் ஊடாகக் காணி விபரமும் பரிந்துரையும், பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சான்று எல்லாம் சேர வேண்டும். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாமல் செய்கை பண்ணுபவருக்கு இந்த இடத்திலேயே கதவு மூடிவிடும். வன்னியில் அது எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

உரிமம் ஓர் ஆளுக்கும் ஓர் இலக்கத்துக்கும் உரியது. அண்ணனின் துவக்கைத் தம்பி கொண்டுபோனால் தம்பி உரிமமில்லாமல் வைத்திருக்கிறார், அண்ணன் உரிமத்தை மீறிவிட்டார், இருவருக்கும் பிரச்சினை. தகப்பன் செத்தால் துவக்கு முதுசமாக மகனுக்குத் தானாக வராது.

புதுப்பிப்பு ஆண்டுதோறும். ஒக்டோபர் 1 தொடங்கி டிசம்பர் 31க்குள். சனம் கோட்டைவிடுவது இதில்தான், காரணமும் எளிது: அதே மூன்று மாதம்தான் காலபோக உழவு, விதைப்பு, பசளை. வயலில் சேற்றோடு நிற்கிற மனிசன் ஜனவரி 2ஆம் திகதி சட்டவிரோதமாகத் துவக்கு வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். இதை மாசி, பங்குனிக்கு மாற்றினால் ஒரு சதம் செலவில்லாமல் பாதி வில்லங்கம் தீரும்.

மரவள்ளித்தோட்டம் | ஞாயிறு இரவு 9:02

சட்டக்கோவை அண்ணை, விதைப்புக் கதை நூற்றுக்கு நூறு. இன்னொண்டும் இருக்கு. துவக்கு வேணும் எண்டு விளங்குறது கச்சான் காய் பிடிக்கேக்க. அப்ப விண்ணப்பம் போட்டால் அறிக்கை வரேக்க கச்சானைப் பண்டி கிண்டி முடிச்சு அடுத்த போகமும் வந்திடும். கொல்லனிட்டப் போனால் உடன கிடைக்குது. இடியன் அதாலதான் ஓடுது, சனத்துக்குச் சட்டத்தில வெறுப்பு எண்டு இல்லை.

பண்டி தனிய வராது. பத்துப் பன்னிரண்டு கூட்டமா வந்தால் அரை ஏக்கர் கச்சான் ஒரு இரவில சரி. மரவள்ளியை மூட்டோட பிரட்டும். நெல்லில கதிர் பால் பிடிக்கிற நேரம் வந்து படுத்துப் பிரளும். தின்னுறது கொஞ்சம், மிதிச்சு அழிக்கிறது கூட. 2025 மார்ச் 15 காலமை எட்டு மணிக்கு அஞ்சு நிமிசம் வளவில நிண்டு குரங்கையும் மயிலையும் எண்ணச் சொல்லி அரசாங்கத்தால கேட்டவை. எண்ணிக் குடுத்தம். பண்டி ராத்திரியில வாற சாமான், அதை ஆர் எண்ணினது?

காட்டுக்கரை | ஞாயிறு இரவு 9:48

பன்றிக்கு ஒற்றைக்குழல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் துவக்கை வாங்கினவுடன் பயிர் காப்பாற்றப்படும் என்ற நினைப்பு பிழை. சில விசயம் இங்கே எழுதப்படவேயில்லை.

தோட்டா. எஸ்.ஜி. என்று எழுதியதற்குள் எட்டு ஒன்பது பெரிய சன்னம் (ஈயக் குண்டு) இருக்கும். நாலாம் நம்பரில் நூற்றுக்கு மேல் சின்னச் சன்னம். நாலாம் நம்பரால் பன்றிக்கு அடித்தால் அது சாகாது, தோலிலும் கொழுப்பிலும் நிற்கும், காயத்தோடு காட்டுக்குள் போகும். காயப்பட்ட பன்றியை விடியத் தேடிப் போகிறவருக்குத்தான் தொடை கிழிகிறது. எஸ்.ஜி. முப்பது, முப்பத்தைந்து மீற்றருக்குள் வேலை செய்யும். அதற்கு அங்கால் சன்னம் பரந்துவிடும், ஆனால் விழாது. சில நூறு மீற்றர் வரை போய் ஒரு காவல் கொட்டிலுக்குள் இருப்பவரைக் காயப்படுத்தும் வேகம் அதற்கு இருக்கும். வயல்வெளி தட்டை, பின்னால் மண் அணை இல்லை. பரணில் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தப்பின சன்னம் மண்ணில் இறங்கும். வரம்பில் நின்று நேராகச் சுட்டால் அது எங்கே போகும் என்று சுடுபவருக்கே தெரியாது.

வெளிச்சம். ரோச் அடித்துக் கண் மினுங்கினவுடன் சுடுகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. மாடு, மான், நாய் இவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் உண்டு. பன்றிக்கு அது இல்லை. நன்றாகப் பளிச்சென்று மினுங்கினால் அது பன்றியாக இருக்க வாய்ப்புக் குறைவு. பக்கத்து வீட்டுக் கட்டாக்காலி மாடாகத்தான் இருக்கும். முழு உருவமும் தெரியாமல் விரலை விசைக்குள் விடக் கூடாது. இந்த ஒரு விசயத்தை உரிமம் கொடுக்கும்போது ஒரு மணித்தியாலம் இருத்திச் சொல்லிக் கொடுத்தால் போதும். யாரும் சொல்வதில்லை. விண்ணப்பதாரி துவக்கைப் பிடிக்கத் தெரிந்தவரா என்பதைவிட அவருடைய காணி எத்தனை ஏக்கர் என்பதுதான் பார்க்கப்படுகிறது.

யானைக்குத் துவக்கு என்ற கதையே வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 5,879 யானை. 2019இல் மட்டும் நானூறுக்கு மேல் செத்தன. இடியனால் அடிபட்ட யானை அந்த இடத்தில் விழாது. கால் மூட்டிலோ தோளிலோ சீழ் பிடித்து, நாள்கணக்கில் குளத்தோரம் தண்ணிக்குள் நின்று செத்துப்போகும். அதுவரை மற்ற யானையைவிட அதுதான் ஆளைத் துரத்தும்.

கனடாக்குளிர் | திங்கள் அதிகாலை 3:15

இங்கே கனடாவில் வேட்டைத் துவக்கு வாங்க முதல் பாதுகாப்புப் பாடநெறி, பரீட்சை, பின்னணிச் சோதனை. வீட்டில் வைக்கும்போது தோட்டா ஏற்றாமல், விசைப் பூட்டுப் போட்டோ பூட்டின அலுமாரிக்குள்ளோ வைக்க வேண்டும். 2020 மேயில் சுமார் 1,500 வகைத் தாக்குதல் துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள், 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி வாங்கி விற்பதை நிறுத்தினார்கள். அவுஸ்திரேலியா 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு ஆறரை இலட்சம் அளவில் துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திருப்பி வாங்கியது. ஆனால் இரண்டு நாட்டிலும் கமக்காரரின் சாதாரணத் துவக்கு போகவில்லை. அதற்கு விதி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊரிலும் பூட்டு அலுமாரியைக் கட்டாயமாக்கலாமே?

மரவள்ளித்தோட்டம் | திங்கள் காலை 5:50

தம்பி, தகரக் கூரை, அரைச்சுவர் வீட்டில இரும்பு அலுமாரி எங்க வைக்கிறது? அலுமாரி வாங்குற காசுக்கு வேலி அடிக்கலாம்.

குளக்கட்டு | திங்கள் காலை 6:30

அலுமாரி இல்லாமலும் வழி இருக்கு, காசும் பெரிசா இல்லை. மடிக்கிற ஒற்றைக்குழல் மூண்டு துண்டாக் கழரும்: குழல், குழலுக்குக் கீழ கை பிடிக்கிற முன்கட்டை, பிடியோட பூட்டுப்பகுதி. முன்கட்டையைக் கழட்டி எடுத்தால் குழல் கொளுவி நிக்காது. முன்கட்டையைக் கமக்காரர் அமைப்புச் செயலாளரிட்ட வைச்சுட்டு, காவலுக்குப் போற இரவு கொப்பியில ஒப்பம் வைச்சு எடுத்து, விடிய திருப்பிக் குடுத்தால் வீட்டில இருக்கிறது வெறும் இரும்புக் குழாய். கள்ளன் எடுத்தாலும் சுடேலாது, வெறியில ஆர் தூக்கினாலும் சுடேலாது. கோபத்தில எடுத்தவர் செயலாளர் வீட்டை போய்ப் படலையைத் தட்டவேணும். அந்த நேரம் காணும் மனம் ஆற.

குழலையும் பிடியையும் விசைக்காப்புக்குள்ளால சங்கிலி போட்டுக் கூரை வளையோட பூட்டலாம். தோட்டா வேற பெட்டியில, நிலத்தில வைக்காமல். மாரியில ஈரம் பிடிச்ச தோட்டா ஊதிப்போய் அறைக்குள்ள இறங்காது, அதைக் கல்லால தட்டி இறக்கின ஆக்களும் இருக்கினம். கடவுளே. ஊதின தோட்டாவை ஒதுக்கி வைச்சுப் பொலிஸில குடுங்கோ. வெய்யிலில காயவைக்காதேங்கோ.

பாலைப்பழம் | திங்கள் காலை 9:10

பன்றி, மாடு, குரங்கு எல்லாம் கதைத்தாச்சு. வீட்டுக்குள் இருக்கிற பெண்ணைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் கதைக்கவில்லையே?

குளக்கட்டு அண்ணா போகிற போக்கில் "வெறியில" என்று ஒரு சொல் விட்டார். அதில்தான் நான் நிற்கிறேன். உரிமம் கேட்கிறவர் குடிக்கிறாரா, வீட்டில் அடிக்கிறாரா என்று கிராம அலுவலரைக் கேட்கிறார்கள், பொலிஸைக் கேட்கிறார்கள். மனைவியைக் கேட்கிற ஓர் இடம் இருக்கிறதா? கனடாவில் உரிம விண்ணப்பத்தில் இப்போதைய துணையும், கடைசி இரண்டு வருடத்துக்குள் பிரிந்த துணையும் ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கு அறிவிக்கப்படும். கனடாக்குளிர் அதைச் சொல்ல மறந்துவிட்டார், அலுமாரியில் நின்றுவிட்டார்.

"உயிரை எடுக்க நினைக்கிறவன் எதை வைத்தும் எடுப்பான், துவக்கை எடுத்து என்ன பலன்" என்ற வாதம் அடுத்ததாக வரும் என்று தெரியும். அதற்குப் பதில் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 1995இல் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகிலேயே உச்ச இடங்களில் நின்றது, இலட்சத்துக்கு 47 அளவில். கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995இல் மிக நச்சான வகைகள், 1998இல் என்டோசல்பன், 2008 முதல் 2011க்குள் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியன். வீதம் எழுபது சதவீதமளவில் விழுந்தது. நெல் விளைச்சல் விழவில்லை. சனத்தின் துயரம் குறைந்ததால் இது நடக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் கைக்கு எட்டின போத்தலின் நஞ்சு குறைந்தது. முன்கட்டை யோசனை அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது "விரும்பினால் செய்யலாம்" என்று இருந்தால் ஆர் செய்வார்? உரிமத்தின் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

சட்டக்கோவை | திங்கள் முற்பகல் 10:05

பாலைப்பழம் சொல்வது சரி. நிபந்தனை போடுவதற்குப் புதிய சட்டம் தேவை என்று சாட்டுச் சொல்லாமல், புதுப்பிக்கும்போது மனைவியின் ஒப்பத்தையும் முன்கட்டைக் கொப்பியின் பிரதியையும் கேட்கத் தொடங்கலாம். ஒரு சிக்கல்: துவக்கின் பாகத்தைச் செயலாளர் கையில் வைத்திருப்பதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் நல்லது செய்யப்போன செயலாளர்தான் முதலில் பிடிபடுவார். மாவட்டச் செயலகக் கடிதம் ஒன்று, பொலிஸுக்குப் பிரதி, கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் இலக்கம். இவை இல்லாமல் எந்த அமைப்பும் இதைத் தொடங்கக் கூடாது.

சத்திரசிகிச்சைக்கூடம் | திங்கள் பிற்பகல் 1:30

கட்டுத்துவக்குக்குச் சாட்டே கேட்கக் கூடாது என்று முதல் பதிவில் வந்தது. அதற்குக் காரணத்தை உடம்பில் காட்டுகிறேன்.

கம்பி பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுகிறது. அந்த உயரத்தில் மனிதனுக்கு இருப்பது முழங்காலும் கெண்டைக்காலும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் நாடிதான் கீழ்க்காலுக்கு இரத்தம் கொண்டுபோகிறது. அது அறுந்தால் சுமார் ஆறு மணித்தியாலத்துக்குள் திருப்பிப் பொருத்தாவிட்டால் தசை சாகத் தொடங்கும். வன்னியில் அந்த ஆறு மணித்தியாலத்தை என்ன தின்கிறது? காட்டுக்குள் இருந்து தூக்கிவர ஒன்றிரண்டு. கிட்டடி ஆஸ்பத்திரி, பிறகு முல்லைத்தீவின் மாஞ்சோலை ஆஸ்பத்திரியோ கிளிநொச்சியோ வவுனியாவோ, அங்கிருந்து நாடிச் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ. இதில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நேரம் போகும்.

மற்றது அழுக்கு. சுத்தமான ரவைக் காயம் போல இது இருக்காது. உள்ளே கரிமருந்து, அடைத்த தும்பு, துணி, ஈயத் துண்டு, சில நேரம் ஆணி, சேறு. வெளியில் ஒரு ஓட்டை, உள்ளே கிழிந்த தசை. முதல் நாளே தைத்து மூடினால் அழுகும். திறந்து வைத்துச் செத்த தசையை வெட்டிச் சுத்தம் செய்து, நாளுக்கு நாள் பார்த்துத்தான் மூட வேண்டும். சன்னம் எல்லாவற்றையும் எடுக்கவில்லையே என்று வீட்டுக்காரர் சண்டை பிடிப்பார்கள். தசைக்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் தொந்தரவு தராது. மூட்டுக்குள் இருந்தால்தான் மூட்டு நீரில் கரைந்து உடம்பில் ஏறும், அதைக் கட்டாயம் எடுப்பார்கள்.

அடிபட்டவரைக் கண்டால்: முதலில் நில்லுங்கள். அதே தடத்தில் இன்னொரு கம்பி இருக்கலாம், ஓடிப்போகாதீர்கள். வந்த வழியால் நிலத்தைப் பார்த்துக் கிட்டப் போங்கள். துணியால் அமத்திப் பிடியுங்கள், பத்து நிமிசம் கையை எடுத்து எடுத்துப் பார்க்காமல். பீறிட்டு நிற்காவிட்டால் மட்டும் காயத்துக்கு நாலு விரற்கிடை மேலே, மூட்டில் இல்லாமல், அகலத் துணியால் கட்டி ஒரு தடியைச் செருகி முறுக்குங்கள். கட்டின நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனையால் எழுதுங்கள். பிறகு அதைத் தளர்த்தாதீர்கள். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். உள்ளே தெரியும் தும்பை இழுக்க வேண்டாம். தண்ணீர், தேத்தண்ணி கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, வாகனம் வரக்கூடிய சந்தியின் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து. "கட்டை குத்தினது" என்று சொல்லிக் கொண்டு வராதீர்கள். பொலிஸுக்குப் பயந்து சொல்கிற அந்தப் பொய்யால் எக்ஸ்ரே படம் எடுக்கப் பிந்துகிறது, ஏற்புவலி ஊசியும் நுண்ணுயிர்க்கொல்லியும் பிந்துகிறது. காயத்தைப் பார்த்தால் எப்படியும் தெரியும்.

மரவள்ளித்தோட்டம் | திங்கள் மாலை 4:20

பொலிஸுக்குப் பயம் எண்டுறது அடிபட்டவருக்கு இல்லை, அக்கா. கட்டினது ஆர் எண்டு அவருக்குத் தெரியும். அனேகமா மச்சானோ பக்கத்துக் காணியோ. காட்டிக் குடுத்தால் ஊருக்குள்ள இருக்கேலாது. அதுதான் கட்டை குத்துறது.

சட்டக்கோவை | திங்கள் மாலை 5:00

ஆள் செத்தால் அது மச்சானுக்குள் பேசித் தீர்க்கும் விசயம் அல்ல. கவனயீனத்தால் மரணம் என்று தண்டனைக் கோவையின் 298ஆம் பிரிவு இருக்கிறது, நிலைமையைப் பொறுத்துக் கொலைக்கு நெருங்கிய குற்றச்சாட்டும் வரலாம். "பன்றிக்குத்தான் கட்டினேன்" என்பது விளக்கம், எதிர்வாதம் ஆகாது.

காட்டுக்கரை | திங்கள் மாலை 6:45

இடியனுக்கு ஆள் ஏன் போகிறார் என்பதற்கு மரவள்ளித்தோட்டம் சரியான காரணம் சொன்னார். அப்படியென்றால் இடியனை ஒழிக்கிற வழி பொலிஸ் மட்டும் அல்ல, வேலியும்தான். ஆனால் வேலி போட்டும் சரிவரவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பின்வரும் இடங்களில் கோட்டைவிட்டிருப்பார்கள்.

மின்வேலி என்பது 230 வோல்ட் லைனைக் கம்பியில் கொளுவுவதல்ல. அது ஆளைக் கொல்லும், குற்றம். சரியான வேலிக்கு ஒரு துடிப்புக் கருவி இருக்கும். 12 வோல்ட் பற்றரி, சூரியத் தகடு. செக்கனுக்கு ஒரு தடவை அளவில் ஆறு முதல் ஒன்பது கிலோவோல்ட், செக்கனின் மிகச் சிறு பங்கு நேரம் மட்டும். அடிக்கும், கொல்லாது. கம்பியில் 5 கிலோவோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் யானைக்கு அது ஒரு கயிறு.

ஏன் இறங்குகிறது? முதல் காரணம் நிலத்தொடுப்பு (எர்த்). கருவிக்காரர் நிலத்துக்குள் ஒரு இரும்புக் கம்பியை அடித்துவிட்டுப் போவார். குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு மீற்றர் ஆழத்தில், மூன்று மீற்றர் இடைவெளியில். ஆவணி, புரட்டாசியில் எங்கள் மண் காய்ந்து கல்லாகிவிடும், அப்போது அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் மின் சுற்று முடியாது. இரண்டாவது புல். மாரி தொடங்கி இரண்டு கிழமையில் புல் கீழ்க் கம்பியைத் தொடும், மின்னழுத்தம் எல்லாம் அதற்குள்ளால் போய்விடும். மூன்றாவது தூண். தந்தத்தில் மின் அடிக்காது என்று தெரிந்த கொம்பன் தந்தத்தால் கம்பியைத் தூக்கும், காலால் தூணைச் சரிக்கும்.

பன்றிக்கு இரண்டு கம்பி காணும்: நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றரில் ஒன்று, 45இல் ஒன்று. மூக்கில் அடிபட்டால்தான் திரும்பும். முதுகில் பட்டால் முன்னுக்குத்தான் பாயும். அதனால் கீழ்க் கம்பியின் உயரத்தில் பிழை விடக் கூடாது.

எங்கே போடுவது என்பது இன்னும் பெரிய பிழை. வனத் திணைக்கள எல்லையில் போட்ட நீள வேலிகள் பல யானைக்கு நடுவில் நிற்கின்றன, இரண்டு பக்கமும் யானை. மனித-யானை மோதலைக் குறைக்கும் 2020 தேசிய செயற்திட்டம் சொன்னது ஊரைச் சுற்றி நிரந்தர வேலி, வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் வேலி. விதைத்தவுடன் கட்டி அறுவடை முடிந்தவுடன் கழற்றுவது. குருநாகல், அனுராதபுரப் பக்கம் கமக்காரரே பராமரிக்கும் இந்த வேலிகள் நிற்கின்றன. பற்றரி களவு போவது வீட்டிலிருந்து எட்ட இருக்கும் வேலியில். கருவி ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருந்தால் களவு போகாது.

நெடுங்குளம் | திங்கள் இரவு 8:15

இவ்வளவும் வாசித்த பிறகும் எனக்கு உரிமத்தை இன்னும் இறுக்குவதில் உடன்பாடில்லை. நாட்டில் நடக்கிற சூட்டுச் சம்பவங்களைப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, புத்தகத்தைக் குடைந்து ஒளித்துக் கொண்டுவந்த துப்பாக்கியால் ஒருவரைச் சுட்டார்கள். வீதியில் சுடுவது ரி-56 தானியங்கித் துப்பாக்கியால். அதில் எது உரிமத்தோடு இருந்தது? கறுப்புச் சந்தையை விட்டுவிட்டுக் கமக்காரனின் குழலை எண்ணி என்ன காண்பது?

பாலைப்பழம் | திங்கள் இரவு 8:40

பாதாளக் கோஷ்டியின் துவக்கு கொழும்பில் ஆளைக் கொல்கிறது என்பதால் வன்னியில் வீட்டு வளையில் தொங்குகிற துவக்குப் பாதுகாப்பாகிவிடாது. இரண்டையும் செய்யலாம். ஒன்றைச் செய்யாததை மற்றதுக்குச் சாட்டாக்க வேண்டாம்.

குளக்கட்டு | திங்கள் இரவு 9:30

நெடுங்குளம், உரிமம் எடுக்கிறதை இறுக்கச் சொல்லேல்லை, வைச்சிருக்கிற முறையைத்தான். இடியனுக்கு நான் நினைக்கிறது: 2020 பெப்ரவரியில ஒரு கிழமைப் பொதுமன்னிப்புக் குடுத்தவை, சட்டவிரோதத் துவக்கைக் கொண்டந்து ஒப்படைக்கச் சொல்லி. ஒரு கிழமை எங்க காணும்? அதுவும் பொலிஸ் வாசலில. எங்கட பகுதியில துவக்கோட பொலிஸுக்கு நடந்து போற துணிவு ஆருக்கு? சிறுபோகம் முடிஞ்சு மூண்டு மாதம் வைக்கவேணும். கிராம அலுவலர், கமநல சேவை நிலையம் ஊடாகப் பாரம் எடுக்கவேணும். குடுத்தவருக்கு வேலிக் கருவியில முன்னுரிமை குடுத்தால் இடியன் தானா வரும். கொல்லனுக்கும் ஒரு கணக்கு இருக்கு, ஆள் வராட்டில் அவர் கத்திதான் அடிப்பார்.

பழைய துவக்கு வைச்சிருக்கிற ஆக்களுக்கும் ஒண்டு. கொட்டிலில நிமித்தி வைச்ச குழலுக்குள்ள குளவி மண்கூடு கட்டும். பாராமல் சுட்டால் குழல் நடுவால வெடிச்சு இடக்கை விரல் போகும். தோட்டா போட முதல் மடிச்சு, வெளிச்சத்துக்குப் பிடிச்சு, ஒரு முனையில இருந்து மற்ற முனை வட்டமாத் தெரியுதோ எண்டு பாருங்கோ. விசை இழுத்தும் வெடிக்காட்டில் உடன மடிக்காதேங்கோ. வாயை மண் பக்கம் பிடிச்சு ஒரு நிமிசம் நில்லுங்கோ, பிந்தி வெடிக்கிறது உண்டு.

வாய்க்கால்கரை | செவ்வாய் காலை 6:05

வணக்கம். இரண்டு கேள்வி. பழைய இங்கிலாந்துக் குழலில் "2½" என்று இருக்கிறது, இப்ப கிடைக்கிற தோட்டாவில் 70 மில்லிமீற்றர் என்று இருக்கிறது. போடலாமோ? மற்றது, மாமா போன வருசம் தவறிவிட்டார், துவக்கு மாமியின் வீட்டில். உரிமம் டிசம்பரோடு முடிந்துவிட்டது. என்ன செய்வது?

காட்டுக்கரை | செவ்வாய் காலை 6:40

போடக் கூடாது. 2½ அங்குல அறை 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு. 70 அதற்குள் இறங்கும், அதுதான் ஏமாற்று. சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். குழலில் கயிறு முறுக்கின மாதிரிக் கோலம் தெரிந்தால் அது இரும்பை முறுக்கிச் செய்த பழைய குழல், இக்காலத் தோட்டாவே போடக் கூடாது.

சட்டக்கோவை | செவ்வாய் காலை 7:20

இரண்டாவதுக்கு: மாமியைத் துவக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக விடாதீர்கள். முதலில் கிராம அலுவலரிடம் மரணச் சான்றிதழ், பழைய உரிமம் இரண்டின் பிரதியோடு போய், ஒப்படைக்க விரும்புகிறோம் என்று கடிதம் கொடுத்து ஒப்பத்தோடு ஒரு பிரதியைத் திருப்பி வாங்குங்கள். பிறகு பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, வந்து எடுக்கச் சொல்லுங்கள். வரமாட்டோம் என்றால் கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு, துவக்கைக் கழற்றி உறையில் சுற்றி, தோட்டாவை வேறு பையில் வைத்து, பகலில் கொண்டுபோங்கள். துவக்கு இலக்கமும் தோட்டா எண்ணிக்கையும் எழுதின பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். முறைப்பாட்டுப் பதிவின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது அது வேண்டுமென்றால் அவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை துவக்கு அங்கேயே இருக்கட்டும். மாமியின் பெயரில் எந்தக் கடிதத்திலும் "நான் வைத்திருந்தேன்" என்று எழுதாதீர்கள். "காலமானவரின் உடைமைகளுக்குள் இருந்தது" என்று எழுதுங்கள்.

வாய்க்கால்கரை | செவ்வாய் காலை 7:45

நன்றி அண்ணை. இண்டைக்கே கிராம அலுவலரிட்டப் போறன். 70 மில்லிமீற்றர் தோட்டா ஆறு இருக்கு, அதையும் சேர்த்தே குடுத்துவிடுறம்.